சுர்மாக் கல்லைக் கண்ணாக்கியவர்: ஜெகதீஷ் சந்திர போஸ்

உறவினர் வீட்டு நிக்காஹ்வுக்குப் பட்டெடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தோம். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு. கூடத்தில் குழித்தறி. மேலே ஓட்டுக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியே ஒரு துண்டு வெயில் விழுந்துகொண்டிருந்தது. தறியிலிருந்து இறக்கிய சேலையை எங்கள் முன்னால் விரித்தார்கள். உடல் அரக்கு, கரை மயில்கழுத்து, முந்தி முழுக்க ஜரிகை. வந்திருந்த பெண்கள் எல்லோருக்கும் பார்த்ததுமே பிடித்துவிட்டது. மணப்பெண் மட்டும் ஊரில் இருந்தாள். கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினோம். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. ஆரஞ்சு நிறம் தனக்கு வேண்டாமாம். முந்தியில் ஜரிகைக்குப் பதிலாக வெள்ளை நூல் எதற்கு என்றும் கேட்டிருந்தாள்.

நெசவாளருக்கு இதில் வியப்பே இல்லை. கேமராவுக்கு அரக்கு தெரியாது, ஜரிகையைக் கண்டால் சுண்ணாம்பாக்கிவிடும் என்று சிரித்தபடி சொன்னார். படம் பார்த்து வாங்கியவர்கள் நிறம் வேறு என்று சேலையைத் திருப்பி அனுப்பிய கதைகள் அவரிடம் நிறைய இருந்தன. பதினைந்து, இருபது நாள் உழைப்பு ஒரு படத்தின் பொய்யால் திரும்பி வருகிறது. எங்கள் கைப்பேசிப் பெட்டியிலோ 108 மெகாபிக்சல் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது.

கேமரா எதைக் கொண்டு பார்க்கிறது? அது நன்றாகப் பார்க்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? ஊர் திரும்பும் வழியெல்லாம் இதே பேச்சு. பிறகு தேடிப் படித்தபோது, இந்த இரண்டாவது கேள்வியைச் சுமார் 120 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கல்லிடமும் ஒரு வெள்ளிக் கிண்ணத்திடமும் கேட்டு, விடையை வரைபடமாகத் தீட்டிய ஓர் இந்தியரிடம் வந்து நின்றோம். பள்ளிப் பாடத்தில் செடிக்கு உயிருண்டு என்று நிரூபித்தவராக நாம் படித்த அதே ஜெகதீஷ் சந்திர போஸ்தான்.

அவர் வாழ்க்கைக்குள் போகுமுன் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். கேமரா என்ற சொல் கமரா என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி ஒரு பதிவு சுற்றுகிறது. அது சரியல்ல, அறை என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. ஆனால் அந்த அறையின் அறிவியலில் நம்மவருக்கு உள்ள பங்கு பெரியது. கி.பி. 965-இல் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய கொள்கையை மறுத்தார். பொருளிலிருந்துதான் ஒளி கண்ணுக்குள் வருகிறது என்று இருட்டறையில் துளையிட்டுச் செய்த சோதனைகளோடு கிதாபுல் மனாழிரில் எழுதினார். பார்ப்பது என்பது ஒளியை வாங்கிக்கொள்வது என்று இதனால் தெளிவானது. வாங்கிக்கொள்ளும் பரப்பை மனிதன் தானே செய்ய முடியுமா என்ற கேள்வி பல நூற்றாண்டுகள் காத்திருந்தது.

ஜெகதீஷ் சந்திர போஸ் 1858 நவம்பர் 30 அன்று, இன்று வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசு அதிகாரி; பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் அவர் தரத்து அதிகாரிகள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே கௌரவம். இவரோ மகனை ஊரில் இருந்த வங்க மொழிப் பள்ளியில் சேர்த்தார். ஆங்கிலம் கற்கும் முன் தாய்மொழியும் தன் மக்களும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். வகுப்பில் சிறுவன் ஜெகதீஷுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தவன் தந்தையிடம் ஏவலராக இருந்த முஸ்லிம் ஒருவரின் மகன். இடப்பக்கம் ஒரு மீனவரின் மகன். பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர்கள் பற்றி அந்தப் பிள்ளைகள் சொன்ன கதைகள்தாம் இயற்கையை ஆராயும் ஆசையைத் தனக்குள் விதைத்தன என்று பெரும் புகழ் பெற்ற பிறகு 1915-இல் பிக்ரம்பூர் மாநாட்டு மேடையில் அவரே நினைவுகூர்ந்தார். பள்ளி விட்டு நண்பர்களோடு வீட்டுக்கு வந்தால் தாய் பாமாசுந்தரி எல்லோருக்கும் ஒன்றாகவே உணவு பரிமாறுவாராம். பழைய ஆசாரங்களில் ஊறியவர் அந்த அம்மா. தீண்டாமை கோலோச்சிய 1860-களின் வங்கத்தில் நடந்தது இது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிறகு கொல்கத்தா. ஹேர் பள்ளி, செயின்ட் சேவியர் பள்ளி, அதே பெயருள்ள கல்லூரி. அங்கே லஃபோன் என்ற பாதிரியார் இயற்பியலைச் செய்து காட்டிக் கற்பித்தவர். மாணவனின் கை அவரிடம்தான் பழகியது. 1880-இல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். உடல் ஒத்துழைக்கவில்லை, பிணவறை நாற்றம் நோயைக் கூட்டியது. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் அறிவியல் சேர்ந்தார். ஒளி, ஒலி இரண்டிலும் அக்காலத்தின் பெரிய மேதையான ரேலி பிரபுவிடம் படித்து, 1884-இல் பட்டத்தோடு திரும்பினார்.

1885-இல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் வேலை கிடைத்தது. கூடவே ஓர் அவமானமும். ஒரே வேலைக்கு ஐரோப்பியருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. இவர் நியமனம் தற்காலிகம் என்று சொல்லி அதிலும் பாதியாக்கினார்கள். போஸ் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. ஒவ்வொரு மாதமும் வந்த சம்பளத்தைத் தொடாமல் திருப்பினார். மூன்று ஆண்டுகள் ஒரு காசும் வாங்காமல் பாடம் நடத்தினார். இத்தனைக்கும் தந்தை தொழில் முயற்சிகளில் நொடித்துப்போய்க் கடனில் இருந்த நேரம். இடையில் 1887-இல் திருமணம் வேறு ஆகிவிட்டது.

மனைவி அபலா தாஸுக்கு நம் ஊரோடு தொடர்பு உண்டு. கொல்கத்தா மருத்துவக் கல்லூரி அப்போது பெண்களைச் சேர்க்காததால், 1882-இல் வங்க அரசின் உதவித்தொகையோடு சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தவர் அவர். உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்க முடியாமல் திரும்பினார். சம்பளமில்லாத கணவரோடு குடும்பம் நடத்தியவர், பிற்காலத்தில் வங்கத்தில் பெண்கல்விக்காகப் பள்ளிகளும் அமைப்புகளும் நிறுவினார். போஸின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த அம்மாவை இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். மூன்று ஆண்டுப் பிடிவாதத்தில் பாதி அவருடையது என்றே நாங்கள் நினைக்கிறோம்.

முடிவில் கல்லூரி நிர்வாகம் இறங்கி வந்தது. முழுச் சம்பளமும் பின்தேதியிட்டு மொத்தமாகக் கிடைத்தது. அந்தப் பணத்தில் தந்தையின் கடனை அடைத்தார்.

ஆய்வுக்கென்று கல்லூரி கொடுத்த இடம் 24 சதுர அடி. நம் வீட்டுக் குளியலறையே அதைவிடப் பெரிதாக இருக்கும். கருவிகளைச் செய்ய ஒரு தகரக் கொல்லரைப் பழக்கி வைத்துக்கொண்டார். வகுப்புகள் முடிந்த பிறகுதான் ஆராய்ச்சி. அங்கேதான் அவர் மின்காந்த அலைகளை 5 மில்லிமீட்டர் நீளம் அளவுக்குச் சுருக்கினார். ஹெர்ட்ஸ் ஜெர்மனியில் உண்டாக்கிய அலைகள் மிக நீளமானவை. அவற்றை வைத்து ஒளியின் குணங்களைச் சோதிக்கப் பெரிய பெரிய கருவிகள் வேண்டும். அலையைச் சிறிதாக்கினால் கருவியும் மேசையில் அடங்கும் என்பது போஸின் கணக்கு. பணமில்லாதவரின் புத்தி எப்படி வேலை செய்யும் என்பதற்கு இரண்டு சான்று. அலைகளை ஒரே தளத்தில் அதிரச் செய்ய ஒரு ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தை எடுத்து, தாள்களுக்கிடையே வெள்ளீயத் தகடு செருகினார், வேலை நடந்தது. சர்க்கரைக் கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்புவது போல இந்த அலைகளையும் திருப்ப முடியுமா என்று பார்க்க, சணல் நாரை முறுக்கி வைத்தார். வலப்பக்கம் முறுக்கிய சணல் ஒரு பக்கம் திருப்பியது, இடப்பக்கம் முறுக்கியது மறுபக்கம் திருப்பியது. நூலை முறுக்கேற்றியே வாழும் காஞ்சிபுரத்துக் குடும்பங்களுக்கு இதைச் சொன்னால் அவர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

1890-களின் நடுவில் கொல்கத்தா நகர மண்டபத்தில் பொதுமக்கள் முன்னால் ஒரு செயல்விளக்கம் நடத்தினார். கம்பியில்லாமல் புறப்பட்ட அலை சுவர்களைத் தாண்டி, 75 அடிக்கு அப்பால் மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் கொளுத்தியது. வானொலியின் வரலாற்றில் இதற்குரிய இடத்தை உலகம் தாமதமாகத்தான் கொடுத்தது. அந்தக் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். நமக்கு வேண்டியது மறுமுனையில் அலையை வாங்கிய பொருள்.

அக்காலத்தில் அலையை உணர உலோகத் துகள் நிரப்பிய குழாய்களைப் பயன்படுத்தினார்கள். அலை பட்டதும் துகள்கள் ஒட்டிக்கொண்டு மின்சாரம் பாயும். மறுபடி பயன்படுத்தத் தட்டிவிட வேண்டும். வங்கத்தின் ஈரக் காற்றில் அவை சீக்கிரம் கெட்டுப்போயின. மாற்றுத் தேடிய போஸ், பல பொருள்களைச் சோதித்து கலீனா என்ற ஈயத்தாதுக் கல்லுக்கு வந்தார். பளபளக்கும் கறுப்புக் கல். நமக்கு வேறு பெயரில் பழக்கமானது அது. கடைகளில் சுர்மா என்று விற்கப்படும் பொடி பலவற்றில் இருப்பது இந்தக் கல்தான். (ஈயம் நஞ்சு என்பதால் குழந்தைகளின் கண்ணில் அதை இடக்கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிப்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.) காலங்காலமாகக் கண்ணுக்கு இட்ட கல்லையே போஸ் கண்ணாக்கினார்.

கலீனாத் துண்டின் மேல் ஓர் உலோக முனையை மெல்லத் தொடும்படி வைத்து, மின்கலத்தையும் மின்னோட்டமானியையும் இணைத்தார். அலை பட்டால் முள் அசைந்தது. மின் அலைக்கு மட்டுமல்ல. விளக்கு வெளிச்சத்துக்கும் அசைந்தது, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக்கும் புற ஊதாவுக்கும் அசைந்தது. மனிதக் கண் மிகக் குறுகிய ஒரு பட்டையைத்தான் காண்கிறது, இந்தக் கல் அதற்கு இருபுறமும் காண்கிறது என்பது அவருக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

ஒளியால் மின்கடத்தல் மாறுவதை முதலில் கண்டவர் போஸ் அல்லர். 1873-இல் செலினியத்தில் அதை வில்லோபி ஸ்மித் கண்டார். கலீனா போன்ற தாதுக்களில் மின்சாரம் ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் பாய்வதை 1874-இல் பிரவுன் எழுதினார். பெருமைக்காக இவற்றை மறைப்பது நமக்கு அழகல்ல. இத்தகைய ஒரு படிகத்தைக் கொண்டு மின் அலையையும் ஒளியையும் ஒரே கருவியால் உணரலாம் என்று செய்து காட்டி, அதற்கு உரிமமும் பெற்றவர் போஸ். பின்னாளில் குறைகடத்தி என்று பெயர் பெற்ற பொருளால் ஆன கருவிக்கு உலகில் வழங்கப்பட்ட முதல் காப்புரிமை அதுவே என்று கருதப்படுகிறது. அமெரிக்காவில் 1901 செப்டம்பர் 30 அன்று விண்ணப்பம், 1904 மார்ச் 29 அன்று ஒப்புதல், எண் 755,840.

அந்த உரிமமும் அவர் விரும்பி வாங்கியதல்ல. அறிவை விற்பதில் அவருக்கு உடன்பாடில்லை. 1901-இல் லண்டனில் பெரும் தந்தி நிறுவன முதலாளி ஒருவர் உரிமப் படிவத்தோடு தேடி வந்து, லாபத்தில் பாதி தருவதாகக் கெஞ்சியும் மறுத்துவிட்டதாக நண்பர் தாகூருக்கு எழுதினார். சகோதரி நிவேதிதாவும் அமெரிக்கத் தோழி சாரா புல் அம்மையாரும் வற்புறுத்தியதால் கலீனாக் கருவிக்கு மட்டும் உரிமம் பதிவானது. பிறகு அதைக் காசாக்க அவர் எதுவும் செய்யவில்லை, காலாவதியாக விட்டுவிட்டார். இதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. அது உயர்ந்த குணம் என்பார் ஒருவர். அந்தப் பணம் கொல்கத்தாவில் ஒரு தொழிற்சாலையாகியிருந்தால் இன்று ஒவ்வொரு கேமரா சில்லுக்கும் வெளிநாட்டைப் பார்த்து நிற்க மாட்டோம் என்பார் இன்னொருவர்.

1902-இல் லண்டனில் அவருடைய நூல் ஒன்று வெளியானது. உயிருள்ளவையும் உயிரற்றவையும் தூண்டலுக்கு எப்படி எதிர்வினை காட்டுகின்றன என்பது பொருள். அதில் அவர் ஒரு செயற்கை விழித்திரையைச் செய்கிறார். வெள்ளிக் கம்பியின் நுனியைக் கிண்ணம்போல் தட்டி, புரோமின் ஆவி காட்டி, ஒளிக்கு உணர்வுள்ளதாக்கினார். பிறகு அதன் மேல் ஒளியை விட்டு விட்டுப் பாய்ச்சினார். ஒளியைக் கூட்டினால் எதிர்வினை எவ்வளவு கூடுகிறது? நெடுநேரம் காட்டினால் என்ன ஆகிறது? சூடு ஏறினால்? ஒளியை நிறுத்திய பின்னும் தடம் எத்தனை நேரம் நிற்கிறது? ஒவ்வொன்றையும் அளந்து, தவளையின் கண் தரும் வளைகோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

இன்று கேமரா சென்சாரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்கள் கேட்பவையும் ஏறத்தாழ இவைதாம். கைப்பேசியின் லென்ஸுக்குப் பின்னால் சுண்டுவிரல் நகத்தளவு ஒரு சிலிக்கான் தகடு இருக்கிறது. அதில் கோடிக்கணக்கான நுண்ணிய கிண்ணங்கள். ஒளித்துகள் விழுந்தால் எலக்ட்ரான் ஒன்று விடுபட்டுக் கிண்ணத்தில் சேரும். படமெடுத்து முடிந்ததும் எந்தக் கிண்ணத்தில் எவ்வளவு என்று எண்ணுவார்கள். அந்த எண்களே படம்.

ரமளானில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சிறிய டம்ளர் கொண்டுவந்தவனுக்கு ஒரு கரண்டியிலேயே வழிந்துவிடும். அதற்குமேல் எவ்வளவு ஊற்றினார்கள் என்று டம்ளரைப் பார்த்துச் சொல்ல முடியாது. பெரிய தூக்குச்சட்டியில் பத்துக் கரண்டியும் அடங்கும். மறுபக்கம், சட்டியின் அடியில் ஏற்கெனவே கொஞ்சம் பிசுக்கு ஒட்டியிருந்தால், அரைக்கரண்டி ஊற்றினார்களா இல்லையா என்றே சொல்ல முடியாது. வழியும் விளிம்புக்கும் அடியில் உள்ள பிசுக்குக்கும் இடையே எத்தனை மடங்கு வித்தியாசம்? சென்சாரின் வீச்சு என்பது அதுதான். வெயில் விழும் ஜரிகையும் குழித்தறியின் இருட்டும் ஒரே படத்தில் தெரிய வேண்டுமானால் இந்த வீச்சு பெரிதாக இருக்க வேண்டும்.

இனி மெகாபிக்சல். கைப்பேசியில் ஒரு கிண்ணத்தின் அகலம் 0.8 மைக்ரான் என்றும், பெரிய கேமராவில் 6 மைக்ரான் என்றும் வைத்துக்கொண்டால், பரப்பில் 56 மடங்கு வித்தியாசம். அதே சிறு தகட்டை 108 மில்லியனாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் டம்ளராகத்தான் சுருங்கும். ஒளி மழைத்துளிபோல ஒழுங்கில்லாமல் விழுவதால் இன்னொரு கணக்கும் உண்டு. 10,000 எலக்ட்ரான் சேர்ந்தால் அதில் ஏற்ற இறக்கம் 100, அதாவது நூற்றில் ஒன்று. 100 மட்டும் சேர்ந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது பத்தில் ஒன்று. மங்கிய வெளிச்சத்தில் எடுத்த முகங்களில் புள்ளி புள்ளியாய்த் தெரிவது இதுவே. அதனால்தான் இத்தகைய கைப்பேசிகள் பக்கத்துப் பக்கத்துக் கிண்ணங்களைச் சேர்த்துக் கடைசியில் 12 மெகாபிக்சல் படத்தையே பெரும்பாலும் கொடுக்கின்றன. பெட்டியில் அந்த 12 மட்டும் பெரிய எழுத்தில் வருவதில்லை.

போஸ் கேட்ட வெப்பக் கேள்விக்கும் இன்றுவரை வேலை இருக்கிறது. ஒளியே படாவிட்டாலும் சூட்டினால் மட்டும் சில எலக்ட்ரான்கள் கிண்ணத்தில் சேரும். ஏறத்தாழ 6 முதல் 8 டிகிரி கூடும்போதெல்லாம் அது இரட்டிப்பாகும். வாணியம்பாடிக்கு அருகே காவலூர் வானாய்வகம் போன்ற இடங்களில் நெடுநேரம் திறந்து வைத்து நட்சத்திரங்களைப் படம் பிடிக்கும் கேமராக்களைத் திரவ நைட்ரஜன் கொண்டு குளிர்விப்பது இதற்காகத்தான். நெடுநேரம் வீடியோ எடுத்துச் சூடேறிய கைப்பேசியின் லென்ஸை மூடி, இருட்டில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் நிறப்பொடி தூவியது போலத் தெரியலாம்.

கண் காணாததைக் கல் காணும் என்றாரே, அதையும் வீட்டில் சோதிக்கலாம். டிவி ரிமோட்டின் முனையைக் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது; திரையில் ஊதாநிற வெளிச்சம் மின்னக்கூடும். அகச்சிவப்பு ஒளி அது. சிலிக்கான் சுமார் 1,100 நானோமீட்டர் வரை உணரும்; நம் கண்ணோ 700-ஐ ஒட்டியே நின்றுவிடுகிறது. கேமரா செய்பவர்கள் ஒரு தடுப்புக் கண்ணாடி வைத்து அதை மறைக்கிறார்கள். தடுப்பு வலுவாக உள்ள கேமராவில் மின்னாது.

1902-க்குப் பிறகு போஸின் வழி செடிகளை நோக்கித் திரும்பியது. அவருடைய உணர்கருவிகள் தொடர்ந்து வேலை செய்தால் களைத்துப்போய், ஓய்வு கொடுத்தால் மீண்டன. தசையும் இப்படித்தானே என்ற எண்ணம் அவரைத் தொட்டாற்சிணுங்கிக்கும், வளர்ச்சியை மிகப் பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவிக்கும் கொண்டுபோனது. லண்டன் அறிஞர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். இயற்பியல்காரர் உயிரியலுக்குள் ஏன் வருகிறார் என்ற எரிச்சலும் அதில் இருந்தது. அவர் எடுத்த முடிவுகள் எல்லாம் நிலைத்தன என்று சொல்ல முடியாது. செடிகளுக்குள் மின்குறிகள் ஓடுகின்றன என்பது இன்று ஏற்கப்பட்ட உண்மை. 1917-இல் தன் பிறந்தநாளன்று கொல்கத்தாவில் சொந்த ஆய்வகத்தைத் திறந்தார். அதே ஆண்டு சர் பட்டம். 1920-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1937 நவம்பர் 23 அன்று கிரிதியில் மறைந்தார். 79 வயது நிறைய ஒரு வாரம் இருந்தது.

அவர் மறைந்து பத்தாண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதைக் கண்டவர்களில் ஒருவரான பிராட்டைன், 1950-களில் சக ஆய்வாளர் பியர்சனோடு குறைகடத்திகளின் வரலாற்றை எழுதியபோது, படிகத்தால் மின் அலையை உணர்ந்ததில் முதலிடத்தைப் போஸுக்குக் கொடுத்தார். 1969-இல் அதே ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும் சிசிடி சில்லை வடிவமைத்தார்கள். கேமராவுக்குப் படச்சுருள் தேவையில்லாமல் போக அது வழி செய்தது. அதற்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று கைப்பேசிகளில் இருப்பது அதன் பிறகு வளர்ந்த சிமாஸ் வகை. கலீனாவின் அதே ஈய சல்பைடு, சிலிக்கான் பார்க்க முடியாத அகச்சிவப்பைக் காணும் கருவிகளில் இன்றும் வேலை செய்கிறது. 2012-இல் உலக மின்பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ, பிரசிடென்சி கல்லூரியில் நடந்த அந்தச் சிற்றலைச் சோதனைகளைத் தன் மைல்கல் பட்டியலில் சேர்த்தது.

அரக்கு ஏன் ஆரஞ்சானது என்ற கேள்விக்கு இப்போது எங்களிடம் விடை இருந்தது. சென்சாரின் கிண்ணங்களுக்கு நிறம் தெரியாது. அதனால் நான்கு கிண்ணத்துக்கு இரண்டில் பச்சை, ஒன்றில் சிவப்பு, ஒன்றில் நீல வடிகட்டி பதித்திருக்கிறார்கள்; கோடக் நிறுவனத்தின் பேயர் 1976-இல் உரிமம் பெற்ற அமைப்பு இது. வெயிலில் கிடந்த அரக்குப் பட்டு சிவப்புக் கிண்ணத்தை முதலில் விளிம்புவரை நிரப்பியது. அதற்குமேல் சிவப்பு ஏற இடமில்லை. பச்சைக் கிண்ணம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. சிவப்பும் பச்சையும் கலந்தால் ஆரஞ்சு. ஜரிகை பட்ட இடத்தில் மூன்றுமே வழிந்ததால் வெள்ளை.

மறுநாள் நெசவாளருக்குத் தொலைபேசியில் ஒரு வேண்டுகோள் வைத்தோம். சேலையை நேர் வெயிலில் விரிக்காமல் வாசல் திண்ணையில், நிழலில் விரிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள். திரையில் ஜரிகையைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கி எடுக்க வேண்டும். மாலையில் படம் வந்தது. படம் மொத்தத்தில் சற்று இருட்டு. அரக்கு அரக்காகவே இருந்தது. மயில்கழுத்துக் கரை மட்டும் ஒரு பக்கம் நீலமாகவும் மடிப்பில் பச்சையாகவும் தெரிந்தது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால் நேரில் பார்த்தாலும் அது அப்படித்தான் என்று மணப்பெண்ணுக்கு விளக்க வேண்டியிருந்தது.